தருபவர் பெயர்: ஆமை

எங்கள் சிப்பிமடை ஊர் ஆண்கள் எந்தப் பாவத்தையும் சாமியாரிடம் சொல்லிவிடுவார்கள். எந்தப் பாரில் மீன் பிடித்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. அதன் ஆழத்தைப் பாகத்தில் சொல்லுவார்கள், ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். களவாவும் விளமீனும் அங்கேதான் குடியிருக்கும். கரையில் தெரிகிற மாதா கோவில் கோபுரத்தையும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக் கண்ணாலேயே கோடு பிடித்து அந்த இடத்துக்குப் போவார்கள். தாத்தா அப்பாவின் காதில் சொல்லுவார், அப்பா மகனின் காதில் சொல்லுவார். பெண்டாட்டிக்கு மட்டும் மூச்சு விடமாட்டார்கள். நான் தஸ்நேவிஸுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவர் முதுகில் எத்தனை மச்சம் என்று எனக்குத் தெரியும். அவருடைய பார் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது.

பிழைப்பு என்னவோ வலையில்தான் ஓடுகிறது. நாலு பேர் சேர்ந்து வலை போடுவார்கள், பங்கு பிரிப்பார்கள். தூண்டில் என்பது பெருமைக்காக. வாரத்தில் ஒருநாள் ஒவ்வொருவரும் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, வள்ளத்தில் தனியாகப் போவார். திரும்பி வரும்போது செவுளில் விரல் கோத்துப் பெரிய களவா ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடந்து வருவார். அந்த நடையை நீங்கள் பார்க்கவேண்டும். பிஷப்பாண்டவர்கூட அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அறுந்துபோன தூண்டில் நரம்பை வாங்கி எந்திரத்தில் போடும் வேலை. எந்திரத்தை ஏலக்கூடத்தின் ஓரத்தில் நிறுத்தி, எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து நிதர்சன் என்று ஒரு இன்ஜினியர் வந்தார்.

"அக்கா, தூண்டில் நரம்பு கடல்ல கெடந்தா, உங்க பேரனுக்குப் பேரன் காலத்துலயும் மக்காது. ஆமை, கூழைக்கடா எல்லாம் சிக்கிச் சாகுது. அதனாலதான் ஆறு வருஷமா கடையில விக்கிற நரம்பு பூராவும் நினைவு நரம்பு. மரத்துக்குள்ள வளையம் விழுற மாதிரி இதுக்குள்ளயும் பதிஞ்சுகிட்டே வரும். எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல கெடந்துது, தண்ணி எவ்வளவு குளிர், எந்த மீன் உரசிச்சு, எல்லாம்."

"அது எதுக்குத் தம்பி?"

"எந்தப் பார்ல நரம்பு சிக்கிக் கெடக்குன்னு தெரியணுமில்ல? நீங்க கரைக்கு வந்த துண்டை இதுல போடுங்க. அது படிச்சுட்டு உருக்கி, மணி மணியா வெளிய தள்ளும். அதுல வாளி பண்ணலாம், பெஞ்சு பண்ணலாம், திரும்ப நரம்பே பண்ணலாம். இடம் தெரிஞ்சதும் நாங்க முக்குளிக்கிற எந்திரத்தை அனுப்பி, கடலுக்குள்ள மிச்சம் கெடக்குறதை எடுத்துடுவோம்."

"சரி. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி?"

"சட்டம் அக்கா. ஒருத்தரோட தகவலை எடுக்கிறதுக்கு முன்னாடி அவருக்கே படிச்சுக் காட்டணும். அந்தரங்கப் பாதுகாப்பு."

"அத அவருக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொல்லப்படாதா?"

"உங்க ஊர்ல பாதிப் பேருக்கு இன்ஜின் சத்தத்துல காது மந்தம்னு சர்வேல வந்திருக்கே!"

மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற ஒலிபெருக்கி கட்டியது எந்த மகராசனின் யோசனையோ தெரியவில்லை. அவர் நிச்சயமாகக் கடற்கரையில் பிறந்தவர் இல்லை.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் கபிரியேல் மச்சாது. வலைக்குழுத் தலைவர். எதிலும் முதல் ஆளாக நிற்கவேண்டும் அவருக்கு. ஒரு பிடி நரம்பைச் சுருட்டி எடுத்துவந்து, ஊரே பார்க்க எந்திரத்தின் வாயில் போட்டார்.

"தருபவர் பெயர்?" என்று கேட்டது எந்திரம்.

"கபிரியேல் மச்சாது."

"நன்றி, கபிரியேல் மச்சாது அவர்களே. இந்த நரம்பு பதினேழு பாகம் ஆழத்தில் இருந்தது. கரையிலிருந்து தென்கிழக்கே..."

மச்சாது பாய்ந்துபோய் ஒலிபெருக்கியைத் தன் வயிற்றால் அடைத்தார். "நிப்பாட்டுட்டி! ஞானப்பூ, நிப்பாட்டுங்கேன்!" என்று என்னைப் பார்த்து அலறினார். வயிற்றுக்குள்ளிருந்து எந்திரம் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் ஏலக்கூடத்தில் நின்ற அத்தனை பேரும் தென்கிழக்கே திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்கே எந்திரத்துக்கு வாயாடி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அதன் பிறகு நரம்பின் நினைவை அழிக்க ஊர் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டு இன்னாசி ஒரு சுருள் கொண்டுவந்து, ரொம்ப நல்ல பிள்ளையாக நீட்டினார். வாயாடி படித்தது: "இந்த நரம்பு நான்கு விரற்கடை ஆழத்தில் இருந்தது. வெப்பம் நூறு டிகிரி. நீரில் புளி, மிளகு, பெருங்காயம். உப்பு குறைவு." இன்னாசி ஓடிப்போய்விட்டார். அவர் மனைவி லூர்தம்மாள்தான் என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"எங்க வீட்டு ரசத்துல உப்பு கொறவுன்னு சொல்ல இது யாருட்டி? இது வந்து குடிச்சிச்சா?"

இன்னொருவர் நரம்பைத் திருநெல்வேலி பஸ்ஸின் பின்னால் கட்டிவிட்டு, அது திரும்பி வந்ததும் அவிழ்த்துக் கொண்டுவந்தார். "கடல் மட்டத்துக்கு மேல் நாற்பத்தேழு மீட்டர். தூசி. கடித்தது: வெள்ளாடு" என்றது வாயாடி. அடுத்து வந்தவருக்கு அது இடத்தைச் சொல்லும் முன்பே நாளைச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி, அதாவது பூசை நேரம். பக்கத்தில் சாமியார் நின்றுகொண்டிருந்தார். அத்தோடு ஊரில் ஒருவரும் நரம்பு தரவில்லை. அறுந்ததைக் கடலிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். நான் தினமும் வாயாடியைத் துடைத்து வைத்துவிட்டு, வெறும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து நிதர்சன் முகம் வாடி வந்தார். கையில் ஒரு அறிவிப்பு இருந்தது.

"அக்கா, மேல இருக்கிறவங்க கோவமா இருக்காங்க. இந்தக் கரையில மட்டும் எட்டு ஆமை செத்து ஒதுங்கியிருக்கு. எந்தப் பார்னு சனிக்கிழமைக்குள்ள தெரியணும். தெரியலேன்னா இருபது பாகம் வரைக்கும் மொத்தக் கடலையும் ரெண்டு வருஷம் மூடிடுவாங்க. தூண்டில் மட்டுமில்ல, வலையும் போடக்கூடாது."

மாதா கோவில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பேசினார்கள். நரம்பு கொடுத்தே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கவேண்டும் என்பதிலும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்து தஸ்நேவிஸிடம் கேட்டேன். "நீங்களாவது ஒரு முழம் குடுங்களேன். கடல அடச்சிட்டா ஊரு என்ன செய்யும்?"

"எங்கப்பா சாகப்போற நேரத்துல எங் காதுல சொன்ன எடம் ஞானம். அத ஒலிபெருக்கியில வச்சு ஏலம் விடச் சொல்லுதியா?"

"ரெண்டு வருஷம் வலையும் கெடையாதுங்காங்க."

"பாப்போம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் முகத்தில் பிடிவாதம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. பார் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் மட்டும் இல்லை அது. வேறு என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, கருவாடு காயப்போடப் போன லூர்தம்மாள் கரையிலிருந்து கத்தினாள். ஓடினோம். அண்டா மூடி அகலத்தில் ஒரு பங்குனி ஆமை மணலில் ஏறிக் கிடந்தது. கழுத்திலும் முன்துடுப்பிலும் நரம்பு சுற்றியிருந்தது. இடது துடுப்பில் எலும்பு தெரிகிற அளவுக்கு அறுத்திருந்தது. பின்னால் பூசணிக்காய் அளவுக்கு ஒரு நரம்புச் சிக்கலை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. உயிர் இருந்தது.

தஸ்நேவிஸ் ஆமையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கத்தியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்து எடுத்தார். நான் குடத்தில் கடல்நீர் மொண்டு ஊற்றினேன். அதற்குள் ஊர் கூடிவிட்டது. நிதர்சனும் வந்துவிட்டார். அறுத்தெடுத்த சிக்கலை நான் கையில் தூக்கிப் பிடித்தேன்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தூண்டில் முள்ளுக்குப் போடும் முடிச்சு வேறு. அப்பா போட்ட முடிச்சைத்தான் மகன் போடுவான். அந்தச் சிக்கலுக்குள் ஏழு முள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எச்சில் விழுங்கினார்கள்.

"பாவம், நாறிப்போன நரம்பு," என்றார் மச்சாது. "குழி வெட்டிப் பொதச்சிருவோம்."

"ஒமக்கு எதுக்கு வே சிரமம்? எங்கிட்ட குடும், நான் பொதைக்கேன்," என்றார் இன்னாசி.

"நானே பொதைக்கேன். மம்பட்டி எங்கிட்டதான் இருக்கு," என்றார் ஞாயிற்றுக்கிழமைக்காரர்.

கடற்கரையில் சொந்தக் குப்பையைக்கூடக் குனிந்து எடுக்காத மனுஷர்கள், அந்த ஒரு உருண்டையைப் புதைக்க அடித்துக்கொண்டார்கள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிக்கலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வாங்கிய முடிச்சு, அது எங்கள் வீட்டு முடிச்சு. சிக்கலுக்கு வெளியே நன்றாகத் தெரிந்தது.

"ஞானம், வேண்டாம்," என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வேலை போனால் போகிறது. இந்த மனுஷனை ஊர் நடுவில் தலைகுனிய வைக்க எனக்கு ஆசையா என்ன? "உங்க முடிச்சும் கெடக்கு. நீங்களே சொல்லுங்க. வேண்டாம்னா நானே கொண்டுபோய்ப் பொதச்சிருதேன்," என்றேன்.

ஆமை கடலுக்குப் போகப் பார்த்தது. அதற்கு வேலை செய்தது வலது துடுப்பு மட்டும்தான். ஒரு பக்கமாகவே துழாவியதால் கடலை நோக்கிக் கிளம்பி, அரைவட்டம் அடித்து, திரும்ப அவர் காலடிக்கே வந்து நின்றது. மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் அவர் காலடிக்கே வந்தது. மூன்றாவது தடவை வந்து முட்டியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போடு," என்றார்.

"எல தஸ்நேவிஸு!" என்று மச்சாது கத்தியதை நான் காதில் வாங்கவில்லை. நேராக ஏலக்கூடத்துக்கு நடந்தேன். நாலு பேர் ஆமையை ஈரச்சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். வைத்தியத்துக்குக் கொண்டுபோக நிதர்சன் வரச்சொன்ன வண்டி வரும்வரை அதற்கும் நிழல் வேண்டுமே.

சிக்கலைப் போட்டேன். "தருபவர் பெயர்?" என்று கேட்டது வாயாடி.

என் பெயரைச் சொல்லலாம் என்றால் நரம்பு என்னுடையது இல்லை. கொண்டுவந்து கொடுத்தது யாரோ, அவர் பெயரைச் சொல்வதுதானே நியாயம்?

"ஆமை," என்றேன்.

"முழுப் பெயர்?"

"பங்குனி ஆமை."

"நன்றி, பங்குனி ஆமை அவர்களே. உங்கள் தகவல் இப்போது உங்களுக்குப் படித்துக் காட்டப்படும். ஏழு நரம்புகள். முதல் நரம்பு: பதினேழு பாகம் ஆழம். கரையிலிருந்து தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர்."

மச்சாது கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை பாய்வதற்கு அவருக்குத் தெம்பு இல்லை.

"இரண்டாம் நரம்பு: பதினேழு பாகம் ஆழம். தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர்."

"அது எம் பாருல்லா!" என்றார் இன்னாசி, தன்னை மறந்து.

"எது வே உம்ம பாரு? எங்க தாத்தா கண்டுபிடிச்ச பாரு வே அது!" என்றார் மச்சாது, கண்ணைத் திறந்து.

"மூன்றாம் நரம்பு: பதினேழு பாகம் ஆழம். தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர்."

ஏழு நரம்புக்கும் அதே ஆழம், அதே திசை, அதே தூரம். நாலு தலைமுறையாகச் சிப்பிமடை கட்டிக் காத்த ஏழு ரகசியமும் ஒரே ரகசியம்தான். அதற்குப் பிறகு ஏலக்கூடத்தில் கிளம்பிய சத்தத்தில் வாயாடியே கொஞ்சநேரம் அடங்கிவிட்டது.

"நான் திங்கக்கெழமதான் வே போவேன்," என்றார் மச்சாது.

"நானும் திங்கதான்," என்றார் இன்னாசி. "ஒருநா அங்கன ஒம்ம வள்ளத்தப் பாத்தேன். என்னியக் கண்டதும் நீரு ஏன் தெக்க பாத்து ஓடுனீரு?"

"ஒமக்கு எம் பாரு தெரிஞ்சிரப்படாதுன்னுதான்! நீரு ஏன் வடக்க ஓடுனீரு?"

"நானும் அதுக்குத்தான வே ஓடுனேன்!"

எங்கள் ஊர் வழக்கம் அது. பாரில் நிற்கும்போது வேறு வள்ளம் கண்ணில் பட்டால் உடனே இடத்தைவிட்டு விலகிவிடவேண்டும். விலகி, ஒன்றுமில்லாத இடத்தில் போய்த் தூண்டில் போட்டுப் பாசாங்கு செய்யவேண்டும். எல்லோரும் அப்படியே செய்ததால் யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

"ஏழும் கடலில் அறுபட்ட விதம்: கத்தி," என்று வாயாடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நிதர்சன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நரம்பு பாறையில மாட்டியிருக்கும். நிதானமா விடுவிச்சிருந்தா வந்திருக்கும். இன்னொரு வள்ளம் வருதுன்னு அவசரத்துல அறுத்துட்டு ஓடியிருக்கீங்க. ஒவ்வொரு வாரமும் ஏழு பேரு. அந்தப் பார் மேல இப்ப பந்தல் போட்ட மாதிரி நரம்புதான் இருக்கும்."

"கூடுதல் தகவல்," என்றது வாயாடி. "ஏழு நரம்புகளும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டவை. மீன் மாட்டிய தடம்: இல்லை. பங்குனி ஆமை அவர்களே, உங்கள் பொறுமைக்கு நன்றி."

போன செவ்வாய்க்கிழமைதான் என் வீட்டுக்காரர் கைநீளக் களவாவைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தார். திங்கட்கிழமை மச்சாது கொண்டுவந்தது அதைவிடப் பெரிது. ஏழு ஆண்களும் தரையில் எதையோ தொலைத்தவர்களைப் போலக் குனிந்து நின்றார்கள்.

சொல்லவேண்டிய இடம் இதுதான். எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். இப்போதுதான் கடலிலிருந்து வந்த மீனுக்கும் ஐஸில் கிடந்த மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் இந்தக் கரையில் பிறந்து வளரவில்லை. கண் உள்ளே போயிருக்கும், செவுள் வெளுத்திருக்கும். முதல் தடவை செவுளைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் மசாலா அரைக்கப் போய்விட்டேன். என் புருஷன் ஒருவர்தான் இப்படி, இது வெளியே தெரிந்தால் அவர் தாங்கமாட்டார் என்று நினைத்து, நாலு வருஷமாக "இன்னைக்கு மீனு நல்ல ருசி" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.

நிமிர்ந்தபோது லூர்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் மச்சாதுவின் மனைவி.

"ஒங்க வீட்லயுமா?" என்று லூர்தம்மாள் மெல்லக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன். மச்சாதுவின் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு லூர்தம்மாள். பிறகு ஏழு வீட்டுப் பெண்களும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இதில் வேடிக்கை என்னவென்றால், கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஐஸ் வண்டியை நிறுத்தி மீன் விற்ற புண்ணியவான் ஏழு பேரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்: "ஒம்ம ஒருத்தருக்குத்தான் தாரேன். வெளிய சொல்லிராதியும்."

தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை. ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு மட்டுந்தான் கைராசி போயிட்டுன்னு நெனச்சேன் ஞானம்," என்றார். "எங்கப்பா நம்பிக் குடுத்த எடம். நான் வந்துதான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். வெறுங்கையோட ஒன் முன்னால வந்து நிக்க முடியல."

நாலு வருஷம் ஒரே பாயில் படுத்து, அவர் தனியாகப் பயந்துகொண்டிருக்க, நான் தனியாகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துடுப்பைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் மூன்று துடுப்போடு நீந்தப் பழகிவிட்டதாக நிதர்சன் சொன்னார். முக்குளிக்கும் எந்திரங்கள் பத்து நாள் வேலை செய்து அந்தப் பாரிலிருந்து எடுத்த நரம்பு ஏலக்கூடத்தின் கூரையை முட்டியது. கடலை மூடவில்லை. அந்த ஒரு பாரை மட்டும் இரண்டு வருஷம் யாரும் தொடக்கூடாது என்றார்கள். ஏழு பேரும் முறைவைத்துக் காவலுக்குப் போகிறார்கள். ஒரே வள்ளத்தில், இரண்டு இரண்டு பேராக. சண்டை போட்டுக்கொண்டே.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை தஸ்நேவிஸ் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வந்து அடுக்களை வாசலில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் மாட்டல ஞானம்," என்றார்.

"சரி, உக்காருங்க," என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, முட்டையை உடைத்து ஊற்றினேன். ஒன்று போதுமென்றார். இரண்டாகப் பொரித்துப் போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். தட்டின் விளிம்பில் ஒரு பருக்கையை வைத்து, "இது மாதா கோவில் கோபுரம்" என்றார். இன்னொன்றை வைத்து, "இது உப்பளத்துத் தொட்டி" என்றார். பிறகு குழம்பில் விரலைத் தொட்டு, தட்டுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தார். "புதுசா ஒரு எடம் பாத்தேன். இங்கன. பதினாலு பாகம். இன்னிக்கு ஒரு பொடி மீனுகூட இல்ல."

மீனே இல்லாத அந்த இடம் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லமாட்டேன்.